எச்சரிக்கை கணினியில், பொறுப்பு செவிலியரிடம்

அமெரிக்காவின் நெவாடா மாகாணத்தில் ஹெண்டர்சன் என்ற ஊர். அங்குள்ள மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு நோயாளி வருகிறார். ‘செப்சிஸாக இருக்கலாம்’ என்று மருத்துவமனையின் கணினி எச்சரிக்கிறது. கிருமித்தொற்றுக்கு எதிராக உடல் தாறுமாறாக எதிர்வினையாற்றி, தன் உறுப்புகளையே செயலிழக்கவைக்கும் நிலைதான் செப்சிஸ். சிகிச்சை தாமதமானால் உயிருக்கு ஆபத்து. அதனால், இந்த எச்சரிக்கை வந்தால் உடனே அதிக அளவில் ரத்தநாளம் வழியே திரவம் ஏற்ற வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் விதி. பணியிலிருந்த செவிலியர் நோயாளியைப் பரிசோதித்தபோது, அவர் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்று தெரியவந்தது. அப்படிப்பட்டவரின் உடலில் சேரும் திரவம் எளிதில் வெளியேறாது. மளமளவென்று ஏற்றினால் மூச்சுத்திணறலில் போய் முடியலாம்.

செவிலியர் தன் மேற்பார்வையாளரிடம் சொன்னார். விதிப்படியே செய்யும்படி பதில் வந்தது. அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் தலையிட்ட பிறகுதான், திரவத்தை மெதுவாக ஏற்றுவது என்று முடிவானது. 2025 மார்ச்சில் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட செய்தி இது. கணினி சொன்னதை அப்படியே செய்ய அந்தச் செவிலியருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ‘இவருக்கு இது பொருந்தாது’ என்று சொல்வதற்குத்தான் இன்னொருவரின் துணை தேவைப்பட்டது.

மருத்துவமனைகளில் கேஸ் ஷீட்டின் இடத்தைக் கணினி பிடித்துவருகிறது. எழுதிவைத்துக்கொள்வதோடு அது நிற்பதில்லை. ‘இந்த மருந்து இவருக்கு ஒவ்வாது’, ‘ரத்த அழுத்தம் இறங்குகிறது’, ‘படுக்கைப்புண் பரிசோதனை இன்னும் பதிவாகவில்லை’ என்று நாள் முழுவதும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும், யாருடைய திரையில் காட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனமும் நிர்வாகமும் மருத்துவர் குழுவும் பேசி முடிவுசெய்கின்றன. எச்சரிக்கை வந்த பிறகு படுக்கைக்கு ஓடுபவர் செவிலியர். ஷிஃப்ட் முழுவதும் அதன் நடுவே வேலை பார்ப்பவரும் அவரே. ஆகவே, எச்சரிக்கைகளை வடிவமைக்கும் இடத்தில் செவிலியருக்கு முடிவெடுக்கும் உரிமை வேண்டும். நோயாளியின் பாதுகாப்புக்காகவே இதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

எச்சரிக்கை அதிகம், கவனம் குறைவு

அமெரிக்காவில் 2009இல் ‘ஹைடெக்’ சட்டம் வந்தது. மின்னணு மருத்துவ ஆவணங்களுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான மருத்துவமனைகள் மாறிவிட்டன. இதில் காத்திருந்த சிக்கல் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மருந்து எழுதும்போது கணினி காட்டும் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம்வரை தள்ளிவிடப்படுகின்றன என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006இலேயே எழுதியிருந்தார்கள்.

நோயாளியின் படுக்கையருகே ஒலிக்கும் அலாரங்களின் கதை இன்னும் மோசம். சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 77 படுக்கைகளில், 31 நாள்களில் பதிவான அலாரங்களை ஒரு குழு எண்ணிப் பார்த்தது. அதற்குத் தலைமை வகித்தவர் பார்பரா ட்ரூ. செவிலியத் துறைப் பேராசிரியர். மொத்த அலாரங்கள் 25 லட்சத்தைத் தாண்டின. காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. இதயத்துடிப்பில் கோளாறு என்று சொன்ன அலாரங்களில் 12,671ஐ ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அவற்றில் 88.8 சதவீதம் பொய்யானவை. ஆய்வு 2014இல் வெளியானது. இத்தனை பொய்களுக்கு நடுவே உண்மையான ஒன்றைத் தவறவிடுவது மனித இயல்பு. அதைச் செவிலியரின் அலட்சியம் என்று கோப்பில் எழுதிவைப்பது அநியாயம்.

தவறவிட்டதன் விலையும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன்வரை அலாரம் தொடர்பாகத் தங்களுக்குத் தெரியவந்த 98 சம்பவங்களில் 80 பேர் இறந்திருக்கிறார்கள் என்றது அந்த அறிவிப்பு. அளவுக்கு மீறிய அலாரங்களுக்குப் பழகி அவற்றின் மீது கவனம் மரத்துப்போவது இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

முப்பத்தெட்டரை மாத்திரை

சான்பிரான்சிஸ்கோவின் அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் 2013இல் நடந்த ஒரு சம்பவத்தை, அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் வாக்டர் தன்னுடைய ‘தி டிஜிட்டல் டாக்டர்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 16 வயதுச் சிறுவன். செப்ட்ரா என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வேளைக்கு ஒன்று என்று வழக்கமாகச் சாப்பிட்டுவந்தவன். மருத்துவர் 160 மில்லிகிராம் என்று பதிவிட நினைத்தார். திரையோ, உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இருந்தது. சிறுவனின் எடை 38.6 கிலோ. கணினி பெருக்கிப் போட்டதில் ஒரு மாத்திரை முப்பத்தெட்டரை மாத்திரையாகிவிட்டது. மருத்துவரின் திரையில் எச்சரிக்கை வந்தது, தள்ளிவிட்டார். மருந்தாளுநரின் திரையிலும் வந்தது, அவரும் தள்ளிவிட்டார். அப்படிப்பட்ட எச்சரிக்கைகள் இருவருக்குமே ஓயாமல் வந்துகொண்டிருந்தன. மருந்தகத்தின் ரோபோ பிசகில்லாமல் முப்பத்தெட்டரை மாத்திரைகளை எடுத்துக் கட்டி வார்டுக்கு அனுப்பியது.

கடைசியில் செவிலியரின் கைக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு மாத்திரைகளா என்று அவருக்குச் சந்தேகம் எழத்தான் செய்தது. பார்கோடை ஸ்கேன் செய்தார். ‘சரி’ என்றது திரை. கொடுத்துவிட்டார். சிறுவனுக்குக் கடுமையான வலிப்பு வந்தது, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

இதில் யார் தவறு என்று தேடுவதைவிட, எந்த எச்சரிக்கை யாருக்கு வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. அளவு மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கை, மாத்திரைகளைக் கண்ணால் பார்க்க வாய்ப்பில்லாத இடத்தில் இருந்தவர்களுக்குப் போனது. குவியலைக் கையில் வைத்திருந்தவரிடம் திரை சரிபார்த்ததோ, எழுதியிருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்பதை மட்டும். எழுதியிருப்பதே சரியா என்ற கேள்விக்கு அவருடைய திரையில் இடமில்லை. முன்னால் இரண்டு பேர் ஓர் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றால் மருந்தைக் கொடுக்கப்போகும் எனக்கு அது தெரிய வேண்டாமா? வார்டில் மருந்து கொடுத்துப் பழகிய எந்தச் செவிலியரும் கேட்கக்கூடிய கேள்வி இது. மென்பொருள் எழுதப்படும் கட்டத்தில் கேட்டிருந்தால் திருத்துவது எளிது.

கவலையும் ஒரு தகவல்தான்

அனுபவமுள்ள செவிலியருக்கு நோயாளியின் நிலை சரியில்லை என்பது பல நேரங்களில் எண்களுக்கு முன்பே தெரிந்துவிடும். பி.பி. சரியாக இருக்கும், காய்ச்சல் இருக்காது. ஆனாலும், முகம் வாடியிருக்கிறது, பேச்சில் தெளிவில்லை, நேற்று எழுந்து உட்கார்ந்தவர் இன்று புரண்டு படுக்கவும் சிரமப்படுகிறார் என்பது கண்ணில் படும். இதைக் கணினியில் பதிய எந்தக் கட்டமும் இல்லை. ஆனால், செவிலியரின் நடவடிக்கை மாறிவிடுகிறது. அந்தப் படுக்கைக்கு அடிக்கடி போகிறார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றிருக்கும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இடையிலேயே பார்த்துப் பதிகிறார். தூங்கும் நோயாளியை நள்ளிரவில் எழுப்பிப் பார்க்கிறார். ஒரு மருந்தை நிறுத்திவைக்கிறார். குறிப்பு ஒன்று எழுதுகிறார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ரோசெட்டி, செவிலியராக இருந்து ஆய்வாளரானவர். செவிலியர்கள் எதைப் பதிகிறார்கள் என்பதோடு, எப்போது, எத்தனை முறை பதிகிறார்கள் என்பதையும் பார்த்தால் அவர்களுடைய கவலையை அளக்கலாம் என்பது அவர் குழுவின் எண்ணம். அதன்மேல் உருவானதுதான் ‘கன்சர்ன்’ என்ற முன்னெச்சரிக்கை அமைப்பு. இரண்டு மருத்துவமனைக் குழுமங்களின் 74 பிரிவுகளில், 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2025இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. இந்த அமைப்பு இயங்கிய பிரிவுகளில் இறப்பு அபாயம் 35.6 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் காலமும் சுமார் 11 சதவீதம் குறைந்தது. திட்டமிடாமல் ஐ.சி.யூ.வுக்கு மாற்றப்பட்டவர்கள் அதிகரித்தார்கள். நிலைமை மோசமாவதை முன்கூட்டியே கண்டு மாற்றியதன் விளைவு அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதன் அருகில் இன்னொரு முடிவை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கும் எபிக் நிறுவன மென்பொருளின் செப்சிஸ் எச்சரிக்கையை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையில் சோதித்து 2021இல் எழுதினார்கள். 38,455 அனுமதிகளை ஆராய்ந்ததில், செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கண்டுபிடிக்கவில்லை. ஆனால், அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தது. இரண்டு ஆய்வுகளின் நோக்கமும் முறையும் வேறு என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. படுக்கையருகே நடப்பதை அறிந்தவர்களின் அறிவிலிருந்து பிறக்கும் எச்சரிக்கையால் உயிர்களைக் காக்க முடியும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கேட்டால் என்ன நடக்கும், கேட்காவிட்டால் என்ன நடக்கும்

பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் இதய நோயாளிகளுக்கான ஒரு வார்டு. வாரத்துக்குச் சராசரியாக 87,823 அலாரங்கள் அங்கே ஒலித்துக்கொண்டிருந்தன. செவிலியர்கள் முன்னின்று நடத்திய முயற்சியில் ஒவ்வொரு வகை அலாரத்தையும் எடுத்து, இது ஒலித்தால் யாராவது எதையாவது செய்கிறார்களா என்று ஆராய்ந்தார்கள். செய்ய எதுவும் இல்லாதவற்றை நீக்கினார்கள். உண்மையில் ஆபத்தானவற்றை உச்சகட்ட எச்சரிக்கையாக உயர்த்தினார்கள். நாடித்துடிப்புக்கான வரம்புகளைத் தளர்த்தினார்கள். நோயாளிக்கு ஏற்ப வரம்பை மாற்றும் அதிகாரமும் செவிலியர்களுக்குக் கிடைத்தது. அலாரங்கள் வாரத்துக்கு 9,967ஆக இறங்கின. 89 சதவீதம் குறைவு! அதனால் நோயாளிகளுக்குப் பாதகம் எதுவும் நேரவில்லை என்று 2014இல் வெளியான கட்டுரை சொல்கிறது. புதிய கருவி எதையும் வாங்கிச் சாதித்ததல்ல இது. முடிவெடுக்கும் உரிமை கைமாறியதால் சாத்தியமானது.

மருந்து கொடுக்கும் முன் பார்கோடைச் சரிபார்க்கும் முறைக்கே வித்திட்டவர் ஒரு செவிலியர்தான். அமெரிக்காவின் டொபீகா நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய சூ கின்னிக், 1990களின் தொடக்கத்தில், வாடகை கார் நிறுவன ஊழியர் பார்கோடை ஸ்கேன் செய்து காரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதைப் பார்த்தார். காருக்கு முடிவது நோயாளியின் மருந்துக்கு ஏன் முடியாது என்ற அவருடைய யோசனை, படைவீரர் மருத்துவமனைகள் அனைத்திலும் நடைமுறைக்கு வந்தது.

அதே பார்கோடு முறை, வார்டின் நிலைமைக்குப் பொருந்தாமல் வந்து இறங்கிய இடங்களில் என்ன ஆனது? ராஸ் கோப்பல் குழுவினர் ஐந்து மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். கசங்கிய பார்கோடு, நனைந்துபோன மணிக்கட்டுப் பட்டை, சார்ஜ் இறங்கிய ஸ்கேனர், இடையிடையே அறுந்துபோகும் இணைப்பு. மருந்துக்கு நேரமாகிவிட்டது, கணினி வழிவிடவில்லை. செவிலியர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். நோயாளியின் பார்கோடை இன்னொரு பிரதியெடுத்து வண்டியிலோ கதவு நிலையிலோ ஒட்டிவைத்து, அதை ஸ்கேன் செய்தார்கள். இப்படி 15 வகைக் குறுக்குவழிகளையும் அவற்றுக்குப் பின்னால் 31 காரணங்களையும் ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். தவறான நோயாளிக்கு மருந்து போய்விடக் கூடாது என்பதற்காக வந்த முறையே, தவறு நடக்கப் புதிய வழிகளைத் திறந்துவிட்டது.

ஆட்சேபங்களுக்குப் பதில்

செவிலியர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் தொல்லை என்று எல்லா எச்சரிக்கைகளையும் அணைத்துவிட மாட்டார்களா? நியாயமான அச்சம்தான், அணைக்கப்பட்ட அலாரத்தால் நோயாளிகள் இறந்ததும் உண்டு. ஆனால், யாரும் பேசாத இடத்தில்தான் ரகசியமாக அணைப்பது நடக்கிறது. எதை ஏன் நீக்குகிறோம் என்று குழுவாக உட்கார்ந்து, பதிவுசெய்து, விளைவைக் கண்காணித்தால் அந்த ஆபத்து குறையும்.

தள்ளிவிட முடியாத கடுமையான எச்சரிக்கைகளை வைத்துவிட்டால் போதாதா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அதையும் செய்து பார்த்தார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினையும் ஒரு குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து எழுத முயன்றால், கணினி ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிடும்படி அமைத்தார்கள். தடுப்பதில் அது வென்றது. ஆனால், அந்த மருந்து உண்மையிலேயே தேவைப்பட்ட நான்கு நோயாளிகளுக்குச் சிகிச்சை தாமதமானதால், ஆய்வையே பாதியில் நிறுத்த நேர்ந்தது. 2010இல் வெளியான முடிவு இது. பூட்டை இறுக்குவதற்கு முன், விதிவிலக்குகளை நேரில் பார்ப்பவர்களிடம் கேட்டாக வேண்டும்.

சிகிச்சையை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை, இதில் செவிலியருக்கு என்ன என்ற கேள்வியும் வரும். எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும். எச்சரிக்கை எந்த நேரத்தில், எந்தத் திரையில், எந்தச் சொற்களில் வந்தால் வேலை நடக்கும் என்பது வார்டை நடத்துபவருக்குத்தான் தெரியும்.

நாமும் அதே பாதையில்

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. நம் ஊர்ப் பெரிய தனியார் மருத்துவமனைகள் மின்னணு ஆவணங்களுக்கு மாறிவருகின்றன; அரசு மருத்துவமனைகளும் படிப்படியாக மாறுகின்றன. அமெரிக்கா பட்டு அறிந்ததை நாம் படாமலேயே தவிர்த்துக்கொள்ளும் வாய்ப்பு இப்போது இருக்கிறது. மென்பொருளை வாங்கி, ஊழியர்களைப் பழக்கி, பல ஆண்டுகள் ஓட்டிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கணினிப் பதிவு தமிழகச் செவிலியர்களுக்குப் புதிதல்ல. கர்ப்பிணிகளின் விவரங்களைப் ‘பிக்மி’ தளத்தில் ஏற்றும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் அதில் முன்னோடிகள். அந்தப் பதிவில் கிடைக்கும் 12 இலக்க எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிரமம். களப்பணியோடு இணையப் பதிவும் சேர்ந்து தங்களை அழுத்துகிறது என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. எந்தக் கேள்வி தாய்க்குப் பயன்படுகிறது, எது மேலிடத்து அறிக்கைக்கு மட்டும் பயன்படுகிறது என்று அவர்களிடம் கேட்டால் ஒரே அமர்வில் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

நம் வார்டுகளின் நிலைமையும் வேறு. அமெரிக்க மென்பொருள், ஒவ்வொரு செவிலியருக்கும் ஒரு திரை உண்டு என்ற நினைப்பில் எழுதப்படுகிறது. இங்கே பல வார்டுகளில் செவிலியர் மேஜையில் ஒரே ஒரு கணினி இருந்தால் அதிகம். வார்டின் கோடிப் படுக்கையில் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு அந்தத் திரையில் மின்னும் எச்சரிக்கை எப்படித் தெரியும்? ஷிஃப்ட் மாறும்போது வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளும் தகவலில் அது இடம்பெறுமா? இந்தக் கேள்விகளுக்கு மென்பொருள் நிறுவனத்திடம் விடை கிடையாது.

படிநிலை இன்னொரு தடை. டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2018இல் தொடங்கிய ‘செப்சிஸ் வாட்ச்’ அமைப்பில், எச்சரிக்கையைப் பார்த்து மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது செவிலியர்களின் பொறுப்பு. அதை ஆராய்ந்தவர்கள், மருத்துவரின் மனம் கோணாமல் விஷயத்தை ஏற்கவைக்கச் செவிலியர்கள் எவ்வளவு சாதுரியமாக உழைக்க வேண்டியிருந்தது என்று 2020இல் எழுதினார்கள். கணக்கில் வராத அந்த உழைப்பால்தான் அமைப்பே ஓடியது. நம் மருத்துவமனைகளில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையிலான தூரம் அதைவிட அதிகம். தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் ஓர் ஒப்பந்தச் செவிலியர், ‘இந்த எச்சரிக்கை தவறு’ என்று சொல்லத் துணிவாரா? சொல்லும் உரிமையை விதியாக்கினால்தான் துணிவு வரும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, மின்னணு ஆவணம் வைத்திருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் எச்சரிக்கைகளுக்கென ஒரு குழு அமைக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் பார்க்கும் வார்டுச் செவிலியர்கள் அதில் வாக்குரிமையோடு இடம்பெற வேண்டும். கண்காணிப்பாளரை மட்டும் உட்காரவைத்துவிட்டுச் செவிலியரின் கருத்தைக் கேட்டதாகச் சொல்லக் கூடாது. குழுவில் செலவிடும் நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். டியூட்டி முடித்தவரை இருக்கச் சொல்லி ஆலோசனை கேட்பது சுரண்டல்.

இரண்டாவது, புதிய எச்சரிக்கை எதுவும் நேரடியாக வார்டுக்கு வரக் கூடாது. சில வாரங்கள் திரைக்குப் பின்னால் ஓட்டி, எத்தனை முறை வந்திருக்கும், அதில் எத்தனை உண்மை என்று செவிலியர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். இது வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு விடையில்லாத எச்சரிக்கையை அங்கேயே கைவிட வேண்டும்.

மூன்றாவது, ‘இந்த நோயாளிக்குப் பொருந்தாது’ என்று காரணத்தோடு பதியும் வசதி ஒவ்வொரு எச்சரிக்கையிலும் வேண்டும். அப்படிப் பதிந்ததற்காகச் செவிலியர் மீது நடவடிக்கை வராது என்ற எழுத்துபூர்வ உறுதி வேண்டும். மாதந்தோறும் அந்தக் காரணங்களைக் குழு படித்து, திருத்தவோ நீக்கவோ வேண்டும்.

நான்காவது, வரம்புகளை மாற்றும் உரிமை மருத்துவமனைக்கே உண்டு என்பதை மென்பொருள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நிறுவனத்திடம் பணம் கட்டிக் காத்திருக்கும் நிலைமை வந்தால், செவிலியர் எத்தனை நல்ல யோசனை சொன்னாலும் அது கோப்பிலேயே கிடக்கும்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. மனம்தான் வேண்டும். நோயாளியோடு அதிக நேரம் இருப்பவரின் அறிவைத் தொழில்நுட்பத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, அந்தத் தொழில்நுட்பம் நோயாளியைக் காப்பாற்றும் என்று நம்புவதில் பொருளில்லை. சுகாதாரத் துறையோ ஒரு தனியார் மருத்துவமனையோ அடுத்த முறை மென்பொருளுக்கு டெண்டர் தயாரிக்கும்போது, தேர்வுக் குழுவில் வார்டுச் செவிலியர் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கட்டும். இல்லையென்றால், விலைப்புள்ளிகளைப் பிரிப்பதற்கு முன்பே அந்தக் குழுவை மாற்றி அமைக்க வேண்டும்.